மேகத்தில் ஓர் எழுத்தர்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

2024-ஆம் ஆண்டு திசம்பர் 23-ஆம் நாள் காலை எட்டு மணி இருக்கும். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டு வாசலில் வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய அம்மையார், “பன்னிரண்டு கிலோ முந்திரிக்கொத்து கட்டி வைத்தாயிற்றா? சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பதினொரு மணிக்கு இரயில்” என்றார். வீட்டிலிருந்தோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விழித்தனர். ஒரு வாரத்திற்கு முன்பே அவர் வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகச் சொல்லியிருந்தார். அன்று வந்த நாற்பது செய்திகளுக்கு அடியில் அது புதைந்து போயிருந்தது. நோட்டில் அந்தப் பெயர் ஏறவேயில்லை!

தோழியின் தாயாரை நாங்கள் எல்லோரும் அத்தை என்றுதான் அழைப்போம். அத்தை வீட்டின் பின்கட்டில் ஆறு பெண்களை வைத்துக் கருப்பட்டி மிட்டாயும் முந்திரிக்கொத்தும் செய்து விற்கிறார். உள்ளூரில் தொடங்கிய தொழில் இன்று சென்னை, பெங்களூர் என்று வெளியூர்களுக்கும் பார்சலில் போகிறது. ஆர்டர்கள் மூன்று வழிகளில் வரும். சிலர் கூகுள் படிவத்தை நிரப்புவர். சிலர் வாட்ஸ்அப்பில் எழுதுவர் அல்லது பேசி அனுப்புவர். வயதானவர்கள் தொலைபேசியில் கூப்பிடுவர். வெகு காலமாக அங்கே நோட்டு எழுதுபவர் ஒரு பெரியம்மா. தோழியின் அக்காள் ஒவ்வோர் இரவும் பதினொரு மணிவரை உட்கார்ந்து அந்த நோட்டையும் கைப்பேசியையும் ஒத்துப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ‘உங்கள் ஆர்டர் கிடைத்தது’ என்று தட்டச்சு செய்து அனுப்புவார். அவர் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு மாணவி.

அன்று அந்த அம்மையார் வெறுங்கையுடன் திரும்பிப் போனார். அத்தை அழுததை நாங்கள் அதற்குமுன் கண்டதில்லை. அதைவிட வருத்தம் தந்தது அதன் பிறகு வீட்டில் எழுந்த பேச்சு. “மூத்தவள் ஒரு வருடம் வீட்டிலிருந்து கணக்கைப் பார்க்கட்டுமே, கல்லூரி எங்கே ஓடிவிடப் போகிறது?” என்று உறவினர் ஒருவர் சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

2025-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்துக்கொண்டோம். அப்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். எங்கள் பெற்றோரில் பலர் சிறு தொழில் செய்பவர்கள். அவர்களுக்கு இது பயன்படும் என்று நினைக்கிறோம்.

நாம் அறியவேண்டிய பொருளுக்குப் பெயர் பணியோட்டத் தானியக்கம். பெயர்தான் பெரிது, பொருள் நம் பள்ளியிலேயே தினமும் நடப்பது. காலையில் மணி அடிக்கிறது. வகுப்புத் தலைவி வராதவர்களின் பெயரைச் சீட்டில் எழுதி அலுவலகத்திற்குக் கொண்டு போகிறாள். அங்கே எழுத்தர் அதைப் பேரேட்டில் பதிகிறார். விடுப்புக் கடிதம் தராதவள் என்றால் மட்டும் வீட்டுக்குத் தொலைபேசி செய்கிறார். இதில் மணியடிப்பது தூண்டுதல். பேரேட்டில் பதிவதும் தொலைபேசி செய்வதும் செயல்கள். ‘கடிதம் தராதவள் என்றால் மட்டும்’ என்பது வடிகட்டி. தூண்டுதல், வடிகட்டி, செயல் ஆகிய மூன்றையும் வரிசையாகக் கோத்துவிட்டால் அதுதான் பணியோட்டம். சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் வகுப்புத் தலைவியின் வேலையைக் கணினி செய்தால் அது தானியக்கம்.

மேகம் என்றதும் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். அந்தக் கணினி நம் வீட்டில் இராமல் வேறெங்கோ ஒரு நிறுவனத்தின் கட்டடத்தில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் இணையத்தின் வழியே அதனிடம் வேலை வாங்குகிறோம், அவ்வளவே. மாதந்தோறும் வாடகை கொடுத்து வைத்துக்கொள்ளும் எழுத்தர் என்று சொல்லலாம். அவர் தூங்குவதில்லை, சொன்னதை மட்டும் செய்வார். ‘சொன்னதை மட்டும்’ என்பதில் உள்ள ஆபத்தைப் பின்னால் கண்டோம்.

இப்படிப்பட்ட எழுத்தர்கள் பலர் இருக்கின்றனர். ‘இது நடந்தால் அதைச் செய்’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பெயர் வைத்துக்கொண்ட ‘இஃப்ட்’ 2010-இல் அறிவிக்கப்பட்டது. அது பெரும்பாலும் வீட்டு உபயோகத்திற்கானது. தொழில் செய்வோரிடையே பெயர் பெற்ற ‘ஸாப்பியர்’ 2011-இல் அமெரிக்காவில் மூன்று நண்பர்களால் தொடங்கப்பட்டது. ஐரோப்பாவில் செக் நாட்டின் பிராகு நகரில் ‘இன்டெக்ரோமாட்’ என்ற பெயரில் பிறந்ததை 2020-இல் ஜெர்மனியின் செலோனிஸ் நிறுவனம் வாங்கியது. 2022-இல் அதற்கு ‘மேக்’ என்று புதுப்பெயர் சூட்டினர். பெர்லினில் 2019-இல் தோன்றியது ‘என்-எய்ட்-என்’. மைக்ரோசாஃப்ட் 2016-இல் ‘ஃப்ளோ’ என்று வெளியிட்டதை 2019-இல் ‘பவர் ஆட்டோமேட்’ என்று மாற்றியது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி நம் தமிழ்நாட்டில் வேர்விட்ட ஜோஹோ நிறுவனத்திற்கும் ‘ஜோஹோ ஃப்ளோ’ என்று ஒன்று உண்டு.

இத்தனை பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், “இவற்றில் எது மிகச் சிறந்தது?” என்று எங்கள் கணினி ஆசிரியையிடம் கேட்டோம். அவர் அந்தத் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “அத்தை வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை ஆர்டர்? ஒரு ஆர்டருக்கு எத்தனை வேலை?” என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. “அதை எண்ணிக்கொண்டு வாருங்கள்” என்று அனுப்பிவிட்டார்.

ஒரு வாரம் பின்கட்டில் உட்கார்ந்து எண்ணினோம். (முந்திரிக்கொத்தும் தின்றோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.) சராசரியாக நாளொன்றுக்கு 20 ஆர்டர், மாதத்திற்கு 600. படிவம் வந்து விழுந்ததும் செய்யவேண்டிய வேலைகள் மூன்று: அட்டவணையில் பதிவது, வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்புவது, கட்டும் அறைக்குச் செய்தி சொல்வது. இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் ஓர் உண்மை விளங்கிற்று. இந்நிறுவனங்கள் எல்லாம் ஒரே அளவுகோலால் அளப்பதில்லை! ஒருவர் படியால் அளக்கிறார், ஒருவர் உழக்கால் அளக்கிறார், ஒருவர் மூட்டையாக எண்ணுகிறார்.

ஸாப்பியர் செய்து முடித்த செயல்களை மட்டும் எண்ணுகிறது. தூண்டுதலுக்கும் வடிகட்டிக்கும் கணக்கில்லை. ஆகவே 600 ஆர்டருக்கு மூன்று செயல் வீதம் 1,800.

மேக் ஒவ்வொரு படியையும் எண்ணுகிறது, தூண்டுதல் உட்பட. புது ஆர்டர் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதும் ஒரு படிதான். எதுவும் வராவிட்டாலும் எட்டிப் பார்த்ததற்குக் கணக்கு உண்டு. பதினைந்து நிமிடத்திற்கு ஒரு முறை பார்க்கச் சொன்னால் நாளொன்றுக்கு 96 முறை, மாதத்திற்கு 2,880 முறை. அதோடு 1,800 செயல்களையும் கூட்டினால் 4,680. எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை; அதே பணத்திற்கு மேக் தரும் எண்ணிக்கையும் பெரிது. 2025 மே மாதத்தில் நாங்கள் பார்த்தபோது கட்டணமின்றி ஸாப்பியர் மாதம் 100 செயல்களும் மேக் 1,000 படிகளும் தந்தன. (அவ்வாண்டு ஆகஸ்டில் மேக் தன் அளவுக்குக் ‘கிரெடிட்’ என்று பெயர் மாற்றியது, சாதாரணப் படிக்கு ஒரு கிரெடிட் என்பதால் எங்கள் கணக்குத் தப்பவில்லை.)

என்-எய்ட்-என் நிறுவனத்தார் தொடக்கம் முதல் முடிவு வரை ஓடியதை ஒன்று என்று எண்ணுகிறார்கள். உள்ளே மூன்று செயல் இருந்தாலும் முப்பது இருந்தாலும் ஒன்றுதான். எங்கள் கணக்கில் அது 600.

ஆக, ஒரே வேலை. 1,800 என்கிறார் ஒருவர், 4,680 என்கிறார் ஒருவர், 600 என்கிறார் ஒருவர். விலைப்பட்டியலில் உள்ள ரூபாயை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்து போவோம் அல்லவா? ஆர்டர் குறைவு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் படிகள் அதிகம் என்ற தொழிலுக்கு மூட்டைக் கணக்கு இலாபம். ஆர்டர் ஏராளம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சிறு வேலை என்றால் அந்த இலாபம் கரைந்துவிடும். இதை முதலில் கண்டுபிடித்தவள் எங்களில் கணிதத்தில் எப்போதும் குறைந்த மதிப்பெண் வாங்குபவள். அந்த வாரம் முழுவதும் அவள் எங்களோடு பேசிய தோரணையே வேறு!

முதலில் ஒரு தளத்தில் கட்டணமில்லாத கணக்குத் தொடங்கிச் சோதித்துப் பார்த்தோம். பெட்டிகளை இழுத்து வைத்துக் கோடு போட்டு இணைப்பதுதான் வேலை. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. கோலம் போடுவது போல இருந்தது. ‘அட்டவணையில் ஒரு வரி மாறினால் அந்த வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பு, அனுப்பியதும் அதே வரியில் அனுப்பியாயிற்று என்று எழுது’ என்று அமைத்தோம். அழகாகத்தானே இருக்கிறது? ஆனால் ‘அனுப்பியாயிற்று’ என்று எழுதியவுடன் அந்த வரி மாறிவிட்டது. வரி மாறியதால் எழுத்தர் மறுபடியும் மின்னஞ்சல் அனுப்பினார். மறுபடியும் எழுதினார். மறுபடியும் மாறிற்று. சோதனை வாடிக்கையாளராக இருக்க ஒப்புக்கொண்ட எங்கள் தோழியின் தகப்பனாருக்கு, அவர் அலுவலகத்தில் மேலதிகாரியின் எதிரில் அமர்ந்திருந்தபோது, கருப்பட்டி மிட்டாய் ஆர்டர் கிடைத்தது என்று பதினான்கு கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. மாத ஒதுக்கீடும் அன்று மாலையே தீர்ந்தது. பிழை எங்களுடையதுதான், தன் செயலே தனக்குத் தூண்டுதலாகும்படி அமைக்கக் கூடாது என்று அன்று தெரிந்துகொண்டோம்.

இரண்டாவது பிழை இதைப்போல் சிரிக்கத் தக்கதன்று. ஒதுக்கீட்டைக் கூட்டிக்கொண்டு, அமைப்பைத் திருத்தி, உண்மையான ஆர்டர்களுக்கே அதை ஓடவிட்டோம். பத்து நாட்கள் ஒழுங்காக ஓடிற்று. கட்டும் அறைக்குச் செய்தி தானாகவே வந்ததால், பெரியம்மா நோட்டைப் பார்த்துச் சொல்லும் வழக்கத்தை நிறுத்திவிட்டோம். பதினோராம் நாள் அத்தை தம்முடைய ஜிமெயில் கடவுச்சொல்லை மாற்றினார். யாரோ மாற்றச் சொல்லி அறிவுரை கூறியிருந்தார்கள். அது நல்ல அறிவுரைதான். ஆனால் அஞ்சலைப் பயன்படுத்த ஒரு வெளித்தளத்திற்கு நாம் கொடுத்த அனுமதிச் சீட்டு, கடவுச்சொல்லை மாற்றினால் செல்லாமல் போய்விடும். எழுத்தர் வாசலில் நின்றுவிட்டார். சத்தமில்லை, மணியில்லை. எச்சரிக்கை ஒன்று வந்திருந்தது. அதுவும் நாங்கள் திறந்தே பார்க்காத ஓர் அஞ்சல் முகவரிக்கு வந்திருந்தது. இரண்டு நாட்கள் கட்டும் அறைக்கு எதுவும் போகவில்லை. ‘இன்று ஆர்டர் குறைவு போலும்’ என்று ஆறு பெண்களும் சீக்கிரமே வீட்டுக்குப் போனார்கள்!

மூன்றாம் நாள் வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டுக் கேட்ட பிறகே தெரிந்தது. அத்தை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு மிகவும் சுட்டது. திசம்பர் மாதத்து அம்மையாரைப் போல இன்னும் சிலரை நாங்களும் சேர்த்து உண்டாக்கிவிட்டோம் அல்லவா?

அன்று மாலை தாழ்வாரத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து யோசித்தோம். ‘எந்தத் தளம்?’ என்ற கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு, ‘எழுத்தர் வராமல் போனால் என்ன கெடும்?’ என்று ஒவ்வொரு வேலையையும் கேட்டோம். விடைகள் எங்களுக்கே வியப்பாக இருந்தன.

அட்டவணையில் பதியும் வேலைக்கு எழுத்தரே வேண்டாம். கூகுள் படிவத்தில் நிரப்புவது கூகுள் ஷீட்டில் தானாகவே போய் உட்காரும். அந்த இணைப்பு முன்பே உள்ளது. இருக்கும் கதவைப் பாராமல் சுவரை இடிக்கப் போயிருக்கிறோம்! கட்டும் அறைக்குச் செய்தி சொல்வது நின்றால் பார்சல் போகாது, அது பெருங்கேடு. ஆனால் அதற்கு அவசரம் இல்லை. கட்டும் வேலை தொடங்குவது காலை ஏழு மணிக்கு. ஆறரைக்கு ஒருவர் அட்டவணையைத் திறந்து வாசித்தால் போதும். பதினைந்து நிமிடத்திற்கு ஒரு முறை எட்டிப் பார்க்க எவரும் வேண்டியதில்லை. மிஞ்சியது வாடிக்கையாளருக்கு அனுப்பும் மின்னஞ்சல் ஒன்றுதான். அது ஒரு நாள் போகாவிட்டாலும் மிட்டாய் போய்ச் சேரும். அக்காளின் இரவுகளைத் தின்றதும் அந்த வேலைதான்.

எனவே மாதம் 1,800 செயல்களாக இருந்தது 600 ஆகச் சுருங்கிற்று. இப்போது மீண்டும் பெயர்ப் பட்டியலை எடுத்தோம்.

எங்களில் ஒருத்தி என்-எய்ட்-என்தான் வேண்டும் என்று நின்றாள். காரணம் இருந்தது. அதை நம் சொந்தக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். சொந்தத் தொழிலின் உள்வேலைக்குக் கட்டணமில்லை. வாடிக்கையாளரின் விலாசமும் தொலைபேசி எண்ணும் வெளியார் கைக்குப் போகாது. இந்தக் கடைசிக் காரணம் அற்பமானதன்று. இத்தளங்கள் ஓடிய ஒவ்வொரு ஓட்டத்தையும், அதில் சென்ற விவரத்தோடு, சில காலம் சேமித்து வைக்கின்றன. பிழை கண்டுபிடிக்க அது உதவும். ஆனால் நம்மை நம்பி விலாசம் தந்தவர் அதை அறியமாட்டார். மின்னணுத் தனிநபர் தரவைக் காப்பதற்கென்றே இந்தியாவில் 2023-இல் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. ஆயினும் சொந்தக் கணினி என்றால் அது இரவும் பகலும் ஓடவேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அத்தை வீட்டில் உள்ள பழைய கணினி மழை இருட்டினாலே நின்றுவிடும். அந்த யோசனையைக் கைவிட்டோம்.

மேக் தளத்தின் இலவச 1,000 படிக்குள் அடக்க முடியுமா என்று இன்னொருத்தி கணக்குப் போட்டாள். மணிக்கு ஒரு முறையாகப் பகலில் 13 முறை மட்டும் எட்டிப் பார்த்தால் மாதத்திற்கு 390, கடிதங்கள் 600, மொத்தம் 990! கைதட்டினோம். ஆனால் பண்டிகை மாதத்தில் ஆர்டர் இரட்டிக்கும்போது என்ன செய்வது? மாத நடுவில் நின்றுபோகும் எழுத்தர் எதற்கு?

பணம் கட்டி வாங்கலாமே என்றால் அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வெளிநாட்டுத் தளங்கள் டாலரிலோ யூரோவிலோ மாதந்தோறும் அட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளும். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புது விதி நடைமுறைக்கு வந்தது முதல், தானாகவே எடுக்கும் தொகைக்கு நாம் முன்கூட்டிப் பதிவு செய்து ஒப்புதல் தரவேண்டும். வங்கியும் தளமும் அதற்கு இணங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் போகாது. பணம் போகாவிட்டால் எழுத்தரும் வரமாட்டார். ரூபாயிலேயே கட்டக்கூடிய ஜோஹோ ஃப்ளோ போன்றது இங்கே வசதி. அதிலும் ஜோஹோவின் கணக்கு மென்பொருளை முன்பே வைத்திருப்பவருக்கு அது இன்னும் பொருந்தும்.

இதே விதமாக, திருப்பூரில் பனியன் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் எங்கள் மாமா ஒருவர், அவர்கள் பவர் ஆட்டோமேட்டைப் பயன்படுத்துவதாகச் சொன்னார். நூல் வாங்கும் ஆர்டருக்கு மூன்று பேர் ஒப்புதல் தரவேண்டுமாம். ஒருவர் ஒப்பினால்தான் அடுத்தவருக்குப் போகும்படி அமைத்திருக்கிறார்கள். ஏன் அதைத் தேர்ந்தீர்கள் என்று கேட்டோம். “வேர்டு, எக்செல் எல்லாவற்றுக்கும் மைக்ரோசாஃப்டுக்குத்தான் பணம் கட்டுகிறோம். அதோடு சேர்ந்து வந்தது. வேறொன்றுக்குத் தனியாக ஏன் கட்டவேண்டும்?” என்றார். நியாயந்தானே!

இன்னொன்றையும் மனத்தில் வைத்தோம். தளங்கள் நிலையானவை அல்ல. 2007-இல் யாஹூ வெளியிட்ட ‘பைப்ஸ்’ என்பது இத்தகைய கருவிகளுக்கெல்லாம் முன்னோடி. 2015-இல் அதை மூடிவிட்டார்கள். ஐதராபாத்தில் வளர்ந்த ‘ஆட்டோமேட் டாட் ஐஓ’ என்ற தளத்தை 2021-இல் நோஷன் நிறுவனம் வாங்கி, 2022 அக்டோபர் இறுதியோடு நிறுத்திற்று. அதில் வேலைகளைக் கோத்து வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் வேறிடத்தில் மறுபடி கோக்க நேர்ந்தது. ஒரு தளத்தில் போட்ட கோலத்தை அப்படியே பெயர்த்து இன்னொரு தளத்தில் வைக்க முடியாது. ஆதலால், எங்கே வைத்தாலும் சரி, என்ன வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்பதைத் தமிழில் ஒரு பெரிய தாளில் எழுதிப் பின்கட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். தளம் போனாலும் தாள் இருக்கும். (தமிழ் என்றதும் ஓர் எச்சரிக்கை: தமிழ்ப் பெயர்கள் இத்தளங்களின் வழியே சிதையாமல் போகின்றன. ஆனால் பட்டியலைக் காற்புள்ளிக் கோப்பாக இறக்கி எக்செலில் நேராகத் திறந்தால் சில வேளை எல்லாம் கட்டமும் கிறுக்கலுமாகத் தெரியும். யூ.டி.எஃப்-8 என்ற குறிமுறையைத் தேர்ந்து திறக்கவேண்டும். நாங்கள் அரைநாள் இதில் தொலைத்தோம்.)

கடைசியில் என்ன முடிவு செய்தோம்? மேலே சொன்ன பெயர்களில் எதையும் இப்போதைக்கு எடுக்கவில்லை. கூகுள் தன் ஷீட்டோடு சேர்த்தே தரும் ‘ஆப்ஸ் ஸ்கிரிப்ட்’ என்ற வசதி 2009 முதல் இருக்கிறது; அதுவும் மேகத்தில் ஓடுவதுதான். படிவம் வந்தவுடனேயே, எட்டிப் பார்க்காமல், அது விழித்துக்கொள்ளும். சாதாரணக் கணக்கில் நாளொன்றுக்கு 100 பேருக்குக் கடிதம் அனுப்பலாம். எங்கள் 20-க்கு அது தாராளம், பண்டிகைக்கும் தாங்கும். விவரம் கூகுளை விட்டு வெளியே போவதில்லை. குறை ஒன்று உண்டு: பெட்டியும் கோடும் இல்லை, நிரல் எழுத வேண்டும். ஆசிரியையின் உதவியோடு பதினைந்து வரியில் எழுதினோம். பழுதானால் அத்தையால் திருத்த முடியாது என்பது உண்மையே. ஆனால் பழுதானாலும் ஆர்டர் அட்டவணையிலேயே இருக்கும். கடிதம் மட்டும் போகாது. அந்த அளவு நட்டத்தை அத்தை ஏற்றுக்கொண்டார். நாளொன்றுக்கு நூறைத் தாண்டினாலோ, கூரியர் கணக்கையும் வரிக் கணக்கையும் இணைக்க நேர்ந்தாலோ, அன்று பெட்டியும் கோடும் உள்ள ஒரு தளத்திற்குப் போகவேண்டும். எண்ணிவைத்த கணக்கு அதே நோட்டில் இருக்கிறது.

வாட்ஸ்அப்பை மட்டும் தொடவில்லை. தொழில் செய்வோர் தானாகச் செய்தி அனுப்ப அந்நிறுவனம் ஒரு தனி வழி வைத்திருக்கிறது. அதில் நாமாக அனுப்பும் அறிவிப்புகளுக்குக் கட்டணம் உண்டு. குறுக்கு வழியில் சாதாரண எண்ணை இயந்திரத்தோடு இணைத்தால் எண்ணையே முடக்கிவிடுவார்கள். பாதி ஊர் அறிந்த எண்ணை இழக்க அத்தைக்கு மனம் வருமா?

இதையெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டிருந்த நாட்களில் பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் மூலையில் உட்கார்ந்து ஓலைப்பெட்டிக்குத் தாள் வெட்டிக்கொண்டிருப்பார். ஒரு நாள் மட்டும் கேட்டார்: “அப்போ எனக்கு இனிமே சோலி இல்லியா மக்களே?” நாங்கள் நான்கு பேரும் வாயடைத்துப் போனோம். எத்தனை செயல், எத்தனை படி என்று எண்ணிய நாங்கள் அவரை எண்ணவேயில்லை. கணவர் இறந்தபின் அந்த நோட்டை எழுதித்தான் அவர் மகனைப் படிக்க வைத்தார்.

அத்தைதான் பதில் சொன்னார். குரல் செய்தியில் “போன வருசம் வாங்கினோமே, அதே மாதிரி, ஆனா இனிப்பு கொஞ்சம் கம்மியா” என்று சொல்பவரின் ஆர்டரை எந்த இயந்திரம் படிவத்தில் ஏற்றும்? அதைக் கேட்டு, போன வருடம் என்ன வாங்கினார் என்று நோட்டைப் புரட்டிப் பார்த்து, படிவத்தை நிரப்பும் வேலை பெரியம்மாவுடையது. காலை ஆறரைக்கு அட்டவணையைத் திறந்து உரக்க வாசிப்பதும் அவர்தான். கைப்பேசியில் தமிழில் தட்டச்சு செய்ய அவருக்கு நாங்கள் கற்றுக்கொடுத்தோம். மூன்றே நாட்களில் எங்களைவிட வேகமாகத் தட்டுகிறார். நோட்டையும் அவர் விடவில்லை. “கரண்டு போச்சுன்னா உங்க மேகம் என்ன செய்யும்?” என்று கேட்கிறார்.

அக்காள் 2025 ஜூலையில் கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குப் போய்விட்டார். அவ்வாண்டு திசம்பரில் ஒரே நாளில் 71 ஆர்டர்கள் வந்தன. மின்னஞ்சல்களில் மூன்று, முகவரி தப்பாக இருந்ததால் திரும்பி வந்தன. பெரியம்மா தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். 22-ஆம் நாள் காலை அவர் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்தவர், ஒரு வரியில் நிறுத்தி, அத்தையை அழைத்துக் காட்டினார். பன்னிரண்டு கிலோ முந்திரிக்கொத்து. போன வருடம் காரில் வந்து வெறுங்கையோடு போன அதே அம்மையார். இம்முறை அவரே படிவத்தை நிரப்பியிருந்தார். குறிப்பு என்ற கட்டத்தில், ‘கார் எட்டு மணிக்கு வரும்’ என்று எழுதியிருந்தார்.